சொனை வடிய கால்மணி நேரம்

பொருளாதாரம் படித்தவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் உண்டு. பொருளாதாரத்தோடு நேருக்கு நேர் சண்டை போட்டவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளை எல்லோரும் டிமாண்டு என்போம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கோவிந்தாபுரம் எல்லையை ஒட்டி, கேரளப் பக்கம் இருந்த மேல்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன் முதல் வாரம். பொருளியல் சார் போர்டில் சரிவாக ஒரு கோடு இழுத்து, "விலை ஏறினா டிமாண்டு குறையும்" என்றார். என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"ஏனுங்க சார், அது எந்த ஊருலீங்க?"

"எல்லா ஊருலயுந்தான்."

"முதலமடைல இல்லீங்க. எங்க தோப்புல சனவரி மாங்கா வெல ஏற ஏறத்தான் ஏவாரிக லாரியோட வந்து நிக்கறாங்க. வெல எறங்கிருச்சுன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லீங்க."

சார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். அன்றைக்கு அதை மறுபடி எடுக்கவில்லை. பெயர் அந்த வகுப்பிலேயே ஒட்டிக்கொண்டது.

உட்கார்ந்தால் அவளுக்கு யோசனை வராது. சார் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எழுந்திருப்பாள், மறுப்பாள், உட்காருவாள், உட்கார்ந்ததற்கு வருத்தப்பட்டு மறுபடி எழுந்திருப்பாள். ஒரே பெஞ்சில் இருந்த எனக்கு இரண்டு வருடமும் மலைப்பாதை பஸ்ஸில் போவது போலவே இருந்தது. என் நோட்டில் ஒரு வரைபடமாவது நேராக விழுந்ததில்லை.

ஒரு பொருளைத் தின்னத் தின்ன அடுத்ததில் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்று ஒரு விதி. அதைச் சார் நடத்திய அன்று மாலையே என்னை டீக்கடைக்கு இழுத்துப் போனாள். நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரியை ஒவ்வொன்றாகத் தின்று மார்க் போட்டாள். ஐந்தாவதுக்கு முதலாவதைவிட அதிக மார்க்.

"பாத்தியா புள்ள? விதி செத்துது!"

"மொதல்ல தின்னதெல்லாம் ஆறிப் போனதுடி. அஞ்சாவது இப்பத்தான் சட்டியில இருந்து வந்துச்சு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்குது."

"எந்தக் கடைல ஒரே மாதிரி இருக்குது? காட்டு, வாறேன்."

ஆராய்ச்சி அவளுடையது. கூடவே தின்ற எனக்குத்தான் மறுநாள் வயிற்று வலி.

பிளஸ் ஒன் பரீட்சையில் முதல் கேள்வியே அந்தச் சரிந்த கோடுதான். விதியை இரண்டு வரியில் எழுதிவிட்டு, அதை மறுப்பதற்குப் பக்கம் பக்கமாகக் கூடுதல் தாள் வாங்கினாள். மற்ற கேள்விகளுக்கு நேரம் இல்லை. அந்தப் பள்ளியில் பொருளியலை அவ்வளவு நேசித்தவர் யாரும் கிடையாது. பொருளியலில் அவ்வளவு குறைவாக வாங்கியவரும் கிடையாது.

இரண்டு வருட மார்க்கையும் கூட்டித்தான் தேர்ச்சி. பாலக்காட்டுச் சித்தூரில் பி.ஏ. பொருளாதாரம் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. மாந்தோப்பு வைத்திருந்த அவள் அப்பா கோபப்படவில்லை.

"இன்னொருக்காப் போச்சுன்னா தோப்புக்கு வந்துரு கண்ணு. அங்க நீ ஆரோட வேணாலும் சண்ட போடலாம்" என்றார், அன்பாக. அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது.

பிளஸ் டூ பரீட்சைக்கு முன் சார் அவளைக் கூப்பிட்டார். "சண்டை போடு, வேண்டாங்கல. பேப்பர்ல போடாத. கூல் ஆஃப் டைம் இருக்குதில்ல, அதுல மனசுக்குள்ளயே போட்டு முடிச்சுரு. பெல் அடிச்சா புஸ்தகம் மட்டுந்தான்."

கேரளப் பரீட்சையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் கால்மணி நேரம் எழுதக் கூடாது. கேள்விகளைப் படித்து நிதானப்படுவதற்கான நேரம் அது. டிமாண்டு அதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள்.

"மாங்காயப் பறிச்சதும் காம்ப ஒடிச்சுக் கவுத்து வெக்கறமில்ல, சொனைப்பாலு வடியறதுக்கு? வடியாமப் பெட்டில போட்டா தோலெல்லாம் கருத்துப் போயிரும். அதேதான் புள்ள இது."

பொருளியல் பரீட்சை அன்று மேற்பார்வைக்கு வந்தவர் ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி டீச்சர். வினாத்தாள் வந்தது. டிமாண்டு மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையை டெஸ்க்கில் கவிழ்த்தாள். உதடு முணுமுணுத்தது, தோள் குலுங்கியது. டீச்சர் ஓடி வந்தார்.

"மோளே, எந்து பற்றி? வய்யே?" என்ன ஆச்சு, உடம்புக்கு முடியவில்லையா என்று பதறினார்.

தலை நிமிரவில்லை. "சொனை வடியுதுங்க டீச்சர்."

சொனைக்கு மலையாளத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். ஆகவே டீச்சருக்கு வார்த்தை விளங்கியது. ஒரு மாணவியின் தலைக்குள் அதற்கு என்ன வேலை என்பதுதான் விளங்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று முடிவு செய்து, பியூனை ஆட்டோவுக்கு அனுப்பினார். அவள் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார். பெல் அடித்தது. எல்லோரும் எழுத ஆரம்பித்தோம். டிமாண்டு நிமிர்ந்தாள்.

"பேனாவக் குடுங்க டீச்சர். சண்ட முடிஞ்சுருச்சுங்க."

"சண்டையோ? ஆரோட?"

"வெலையோடங்க!"

டீச்சருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோனது. வாசலில் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. டிமாண்டு இரண்டு கையாலும் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பரீட்சை ஹாலில் வாய் திறக்கக் கூடாது என்று தெரிந்தும் எழுந்தேன். "அவளுக்குக் காச்சல் இல்லீங்க டீச்சர். ரெண்டு வருசமா டெய்லியும் இப்பிடித்தானுங்க."

"ஆமாங்க டீச்சர்!" என்றது ஹால் முழுதும், ஒரே குரலில்.

டீச்சர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. பேனாவைக் கொடுத்துவிட்டு, கடைசி வரை அவள் பக்கத்திலேயே நின்றார்.

வெளியே வந்தவளின் முகம், பொய்ச் சாட்சி சொல்லிவிட்டுக் கோர்ட்டிலிருந்து இறங்குபவர் முகம் போல இருந்தது. "ஒரு வரி எதுத்து எழுதல புள்ள" என்றாள்.

தேறினாள். சித்தூரில் சேர்ந்தாள். அங்கிருந்த பேராசிரியர்கள் பட்டது தனிக் கதை.

நான் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். பட்ஜெட் நாளில் செய்தி எழுத உட்காரும் முன் அவளுக்குத்தான் போன் போடுவேன். பட்ஜெட்டை வரிக்கு வரி திட்டித் தீர்ப்பாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பட்ஜெட் வருடத்துக்கு இரண்டு தடவை வந்தால் தேவலை என்று நினைக்கும் ஒரே குடிமகள் நானாகத்தான் இருப்பேன்.