கை நனைக்கப் போய் வேட்டி நனைத்தது

மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குப் பாடம் நடத்தும் பழக்கம் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. அப்படியும் கல்யாணம் நடந்தது என்றால், நன்றி சொல்ல வேண்டியது என் மனைவி செல்விக்குத்தான்.

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதற்காகச் செங்கல்பட்டிலிருந்து நானும் அம்மாவும் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் அவர்கள் குப்பத்துக்குப் போயிருந்தோம். நல்ல காரியம் என்பதால் கடலோர வீட்டிலும் அன்று மீன் இல்லை, சாம்பார், ரசம்தான். செல்வி பரிமாறினாள். மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் அப்பா, சொந்தப் படகு வைத்திருப்பவர், புது வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சூரியன பாத்துகினு கீறீங்கன்னு தரகர் சொன்னாரு. அத்துல இன்னா வேலை கீது? ஜோசியமா?"

நான் சூரியப் புயல்களை ஆராய்கிறவன். இவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி. ('மாசா மாசம் சம்பளம் வருது மாமா' என்று சொல்லியிருந்தால் போதும்.) நான் இலையில் சோற்றைக் குவித்துப் பாத்தி கட்டினேன்.

"இந்தச் சோறு சூரியன் மாமா. அப்பளம் பூமி. சூரியன்லேருந்து சில சமயம் கொதிக்கிற மேகம் ஒண்ணு கிளம்பும். இங்க வந்து சேர ரெண்டு மூணு நாள்கூட ஆகும்," என்று சாம்பாரை மெதுவாக வழியவிட்டேன். "பின்னாடியே வேகமா இன்னொண்ணு கிளம்பினா, முன்னாடி போறதைப் பிடிச்சிடும். ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா அடி பலமா விழும். செல்வி, ரசம் ஊத்துங்க. வேகமா."

சொன்ன சொல்லைத் தட்டாத பெண் (அன்று மட்டும்). கரண்டி நிறைய ஊற்றினாள். ரசம் சாம்பாரைப் பிடித்தது. இரண்டும் ஒன்றாயின. அதுவரை சரி. ஆனால் மோதிய வேகத்தில் திசை மாறி, அப்பளத்தைத் தொடாமல் ஒதுங்கி, மேசையைக் கடந்து மாமாவின் மடியில் இறங்கின. (மோதினால் திசை மாறக்கூடும் என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியவனே நான்தான். ஞாபகம் வர வேண்டாமா?)

மாமா எழுந்து நின்றார். வேட்டியெல்லாம் பருப்பு. அம்மா தன் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை. சம்பந்தம் முடிந்தது, வேறு அர்த்தத்தில், என்று நினைத்தேன்.

"அவரு மேல தப்பு இல்லப்பா. நான்தான் கை தவறி ஊத்திட்டேன்," என்றாள் செல்வி. "ஆனா அவரு சொன்ன மாரியே அடி பலமா வுழுந்துச்சா இல்லியா? அப்ப ஜோசியம் இல்ல."

மாமா வேட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"சரி, லுங்கி கட்டிகினு வரேன். இன்னும் மோர் பாக்கி கீது."

திரும்பி வந்து என்னைச் சாப்பிடச் சொன்னார். அடிபடாத பூமியை நொறுக்கித் தின்றேன். முன்பின் பழகாதவனுக்காக அவள் சொன்ன அந்தப் பொய்க்கு இன்றுவரை மனசார நன்றியோடு இருக்கிறேன்.

இப்போதும் சூரியப் புயல் வருகிறது என்று டிவியில் சொன்னால் மாமா போன் செய்துவிடுவார்.

"மாப்ள, இந்த தபா ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு, மாமா."

"அப்ப லுங்கி கட்டிக்கிறேன்."