வடிகட்டாத ரப்பர்

என் கைடு மேடம் குடுத்த வேலை ஒண்ணுதான். ஒரு பாட்டிலை சிதம்பரத்துலேர்ந்து கடலூர் பக்கம் குடிகாட்டுல இருக்குற பசை கம்பெனிக்குக் கொண்டு போகணும்.

உள்ள இருந்தது என் மூணு மாச ஆராய்ச்சி. ரப்பரோட நீளமான மூலக்கூறுச் சங்கிலியைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டோட ரெண்டு முனையிலயும் கொக்கி மாதிரி ஒண்ணு வர வைக்கணும். கொக்கியும் கொக்கியும் மாட்டிக்கிட்டா பசை. வெட்டுற மருந்து குட்டி வெள்ளை மணிங்க மேல ஒட்டியிருக்கும். தேன் பதம் வந்ததும் மணியை வடிகட்டி எடுத்துட்டா வெட்டுறது நின்னுடும்.

"எல்லாம் ரெடியா?"ன்னாங்க மேடம்.

"ரெடி மேடம்"னேன். மூணாவது வருஷம் பிஎச்டி பண்றவளுக்கு இது கூடவா தெரியாது.

கம்பெனிக்குப் பிடிச்சா, ஆராய்ச்சிய முடிக்கிற வரைக்கும் செலவு அவுங்களுது. பிடிக்கலன்னா எனக்கு மாப்பிள்ளை பாக்குறதா வீட்ல சொல்லியாச்சு.

பஸ்ஸுல டிரைவர் பக்கத்துல இடம் கெடச்சுது. பாட்டில் உருளக் கூடாதுன்னு எஞ்சின் மூடி மேல வச்சுப் பிடிச்சுக்கிட்டேன். எவ்ளோ பொறுப்பு பாருங்க.

பக்கத்து சீட்ல காட்டுமன்னார்கோயில் அக்கா ஒருத்தங்க. கடலூருக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போறாங்களாம்.

"தேனாம்மா?"

"ரப்பர்க்கா."

அதுக்கப்புறம் அவுங்க கொஞ்சம் தள்ளி உக்காந்தாங்க.

புதுச்சத்திரத்துல ரோடு வேலை. பஸ் முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டு நடுங்கிக்கிட்டே நின்னுது.

"ஏம்மா, தேன் எண்ணெயாயிட்டுதே"ன்னாங்க அக்கா.

"சூட்டுல இளகியிருக்குக்கா. ஆறுனா கெட்டியாயிடும்." விஞ்ஞானி விளக்கம் சொன்னேன். அவுங்களும் நம்பிட்டாங்க.

கம்பெனி ஏசி ரூம்ல அரை மணி நேரம் ஆற வச்சேன். கெட்டியாகல. மேனேஜர் பாட்டிலைச் சாய்ச்சாரு. தண்ணி மாதிரி சலசலன்னு ஓடுச்சு. அடியில வெள்ளை மணிங்க அழகா உருண்டுச்சு.

ரெண்டு செருப்பு அட்டையில தடவி, அழுத்திப் பிடிச்சு, விட்டாரு. ரெண்டும் வழுக்கிக்கிட்டு தனித்தனியா கீழ விழுந்துச்சு.

"நாங்க பசை கேட்டோம்மா"ன்னாரு, ரொம்ப மரியாதையா.

வெளிய வந்து மேடத்துக்குப் போன் பண்ணேன்.

"மணியை வடிகட்டினியா?"

"பாட்டில் மூடியை நல்லா இறுக்கினேன் மேடம்."

நாங்க லேப்ல சூடு பண்ணிக் கலக்கிச் செய்யிற வெட்டு வேலைய பஸ் தன்பாட்டுக்குச் செஞ்சு, ஒட்டவே முடியாத அளவுக்குப் பொடியாக்கி முடிச்சிருக்கு.

"வேற வழியில்ல, திரும்ப ஆரம்பி"ன்னாங்க மேடம். "இதையும் ஒழுங்கா நோட்ல எழுதி வை."

எழுதிட்டேன். வினை நடந்த நேரம்: சிதம்பரம் டு குடிகாடு, எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னு.