மணியோசையும் என் கீழ்த்தாடையும்

சும்மா இருக்க எனக்கு வராது. சாப்பிடும்போது கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். 'காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்' என்று என் மனைவி சொல்வாள் (கல்யாணமான மறுநாளே சொல்லிவிட்டாள்). அப்பேர்ப்பட்ட என்னைத்தான் போன வருஷம் தச்சநல்லூரில் ஒரு பல் மருத்துவமனையில் இருபது விநாடி அசையாமல் நிற்கச் சொன்னார்கள்.

கீழே கடைவாய்ப்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல், வைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன்.

"தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது அண்ணாச்சி. அது எங்கன போகுது, மேல எலும்பு எவ்வளவு இருக்குன்னு பாக்காம திருகுனா ஒதடு மரத்துப் போயிரும்" என்றார் டாக்டர்.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மரத்த உதட்டோடு 'பிரீமியம்' என்று எப்படிச் சொல்வேன்? (காத்திருந்த நேரத்தில் அதையே முணுமுணுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.)

ஸ்கேன் எடுக்கும் பெண் என் மோவாயை ஒரு தாங்கியில் பொருத்தி, சின்னக் கட்டை ஒன்றைக் கடிக்க வைத்து, இரண்டு கைகளாலும் முன்னாலிருந்த பிடியைப் பிடிக்கச் சொன்னாள்.

"மூச்சு மட்டும் விடுங்க. வேற எதுவும் செய்யாதீய" என்று வெளியே போய்க் கதவை மூடினாள்.

இயந்திரம் தலையைச் சுற்றத் தொடங்கியது. மூக்கு அரித்தது. கால் துடித்தது. எல்லாவற்றையும் அடக்கினேன். பாதிச் சுற்றில், அடுத்த சந்துப் பிள்ளையார் கோயிலில் உச்சிகால பூஜை மணி அடித்தது. என் கைகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடியை விட்டு எழும்பி, பட் பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டன.

கம்ப்யூட்டரில் என் தாடை கலங்கிய குட்டையாகக் கிடந்தது.

"பக்தி நல்லாத் தெரியுது. நரம்பத்தான் காணோம்" என்றார் டாக்டர்.

"குத்துமதிப்பா வச்சிரலாமா டாக்டர்?"

"ஒதட்டையும் குத்துமதிப்பா வச்சுக்கிடுவீயளா?"

மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. என்னோடு வந்து வெளியே காத்திருந்த என் மனைவி விறுவிறுவென்று ஸ்கேன் அறைக்குள் வந்தாள். "இவியள நம்பாதம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, பையிலிருந்த துண்டை எடுத்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டு வெளியேறினாள். வரிசையில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

இயந்திரம் சுற்றியது. யாரோ ஒரு புண்ணியவான் திரும்பவும் மணியை அடித்தான். கைகள் துண்டை இழுத்த இழுப்பில் பிடியே ஆடியது. துண்டு விடவில்லை. 'பிள்ளையாரப்பா, இந்த ஒரு தடவை கண்டுக்காத, வெளிய வந்து சேத்துப் போட்டுக்கிடுதேன்' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

இந்தத் தடவை நரம்பு சன்னக் கோடாகத் தெரிந்தது. பல்லும் வைத்தாயிற்று, உதடும் பிழைத்தது. 'பிரீமியம்' முன்னைவிடப் பிரமாதமாக வருகிறது.

போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். தீபாராதனைக்கு மணி முழங்கியது. கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் பக்தியோடு கையைத் தூக்கினேன். பின்னால் நின்ற என் மகள் சன்னதியே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

"எம்மா, அப்பாவுக்குத் துண்டு கொண்டாரலையா?"