வருவதாகச் சொன்னவர்

"எத்தனை மணிக்கு வர்றாராம்?" என்று கேட்டார் மேனேஜர்.

அதைத்தான் ஹலோ கேட்டுக்கொள்ளவில்லை.

"நாலு மணிக்குங்க," என்று சொல்லிவைத்தார்.

பத்தொன்பது வருஷமாக அந்த ஐந்தாவது மாடி அறையில் உட்கார்ந்து, ஊரில் யார் எங்கே தொங்கினாலும் எந்தத் தெரு, எந்தக் கதவு, எத்தனாவது மாடி என்று துருவித் துருவிக் கேட்டு எழுதுகிற மனிதர் அவர். ஃபோனை எடுத்ததும் 'ஹலோ' என்று அவர் இழுக்கிற இழுப்பில், பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயோ அடித்துக்கொண்டு போய்விட்டது. மேனேஜரிலிருந்து மனைவி வரைக்கும் எல்லாருக்கும் அவர் ஹலோதான். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குப் பார்த்து நேரத்தைக் கேட்க மறந்தார். தெரியாது என்று சொல்ல வாய் வராமல் நாலு மணி என்றார். ஒரு பொய்யை நிலைநிறுத்த ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இந்தக் கதைக்கு அந்த ஒன்றே போதும்.

வருவதாகச் சொன்னவர் மேலாள். மேலேயிருந்து வருகிற ஆள் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர். கூட ஒரு 'அர்' சேர்த்தால் மேலாளர், அதாவது மேனேஜர், ஆகிவிடும். ஆனால் மேலாள் பறப்பார்; மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்ததாகவே சரித்திரம் இல்லை.

ஆபத்தில் இருக்கிறவர்கள் ஹலோவுக்கு ஃபோன் செய்வார்கள். ஹலோ பதிவேட்டில் விலாசத்தை எழுதிக்கொண்டு, மேஜையில் தனியாக இருக்கிற சிவப்பு ஃபோனில் மேலாளுக்குச் சொல்வார். மேலாள் பறந்துபோய்த் தூக்குவார். மறுநாள் ஒருவருடைய படம் பேப்பரில் வரும், இன்னொருவருக்கு முட்டி வலி வரும். பத்தொன்பது வருஷத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. "சாப்பிட்டீங்களா" என்றுகூட ஹலோ ஒரு நாள் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றில்லை, அதற்குள் இன்னொரு ஃபோன் அடித்துவிடும்.

சிவப்பு ஃபோனில் இவர்தான் அவரைக் கூப்பிடுவார், அவராகக் கூப்பிட்டதே கிடையாது. அன்று காலை பதினொரு மணிக்கு அது தானாக அடித்தது. ஹலோ பயந்து எழுந்து நின்றே பேசினார். "முட்டி வலி எப்படி இருக்கு?" என்றார் மேலாள். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் ஹலோ முனகுவது இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. "பரவாயில்லைங்க," என்றவர், இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது வந்துங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். பக்கத்து ஃபோன் விடாமல் அடித்தது. மேலாள் என்னவோ சொன்னார், அந்த ஃபோனை எடுக்கச் சொன்னார், வருகிறேன் என்றார், வைத்துவிட்டார்.

ஹலோவுக்குச் சொல்ல வேண்டியிருந்த அந்த ஒன்று, மூன்று மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது.

பள்ளிக்கூடத் தெரு எழுபத்திநாலாம் எண் வீட்டில் ஒரு பாட்டு டீச்சர் துணி காயப் போடும்போது கால் வழுக்கி, மூன்றாவது மாடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். ஹலோ எழுபத்திநாலு என்று அழகாகத்தான் எழுதினார். வாய் மட்டும் 'நாப்பத்தேழு' என்று சொல்லிவிட்டது. மேலாள் நாற்பத்தேழாம் எண் வீட்டு மூன்றாவது மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். அது குளியலறை. உள்ளே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு, துண்டை எடுத்துக் கொடுத்து, தேடிப் பிடித்துச் சரியான வீட்டுக்கு வருவதற்குள் டீச்சர் ஒரு காய்கறி வண்டியின் மேல் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார்.

விசாரணை வந்தது. பதிவேட்டைப் பார்த்தார்கள், எழுபத்திநாலு என்று இருந்தது. மேனேஜர் சிவப்பு ஃபோனில் கேட்டார். பக்கத்திலேயே ஹலோ நின்றிருந்தார். மேலாள், "எனக்குத்தான் காது சரியா விழலைங்க," என்றார்.

அந்த நிமிஷத்தில் ஹலோ வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடுமே என்று நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், பேப்பர்காரர்களுக்குக் கொண்டாட்டம். காதில் குழாய் வைத்துக்கொண்டு மேலாள் பறப்பதாகப் படம் போட்டார்கள். வயதாகிவிட்டது, வீட்டில் இருக்கட்டும் என்று எழுதினார்கள். வானத்தில் அவர் போகும்போது கீழே நின்று பிள்ளைகள் 'நாப்பத்தேழு' என்று கத்தின. பத்தொன்பது வருஷம் தூக்கிவிட்டவரை ஒரே வாரத்தில் கீழே போட்டார்கள். அதைப் படிக்கிற ஒவ்வொரு காலையிலும் ஹலோவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று 'தப்பு என்னோடதுங்க' என்று சொல்லிப் பழகினார். "யார்கிட்ட பேசறீங்க?" என்று மனைவி கேட்டால், பல் தேய்ப்பதாகச் சொன்னார்.

ஆகவே மேலாள் நேரில் வருவது ஒருவிதத்தில் நல்லதுதான் என்று நினைத்தார். வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வேலை போனால் போகட்டும்.

ஆனால் மேனேஜர் அதற்குள் பெரிய அதிகாரிக்குச் சொல்லிவிட்டார். பெரிய அதிகாரி நாலு மணிக்குப் படம் எடுக்கிறவர்களோடு தாமே வருவதாகச் சொன்னார். ஹலோ, நாலு மணி சரிப்படுமா என்று கேட்கச் சிவப்பு ஃபோனை எடுத்தார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. பறக்கும்போது எடுக்க மாட்டார், வழியில் இருப்பார் என்று தேற்றிக்கொண்டார்.

அடுத்தபடியாக மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரைக்கும் அவருக்கு யோசனை வந்த நாளெல்லாம் அந்த ஆபீஸுக்கு நல்ல நாளாக இருந்ததில்லை.

"அவர் படியேறியா வருவார்? ஜன்னல்ல கம்பி இருக்கே," என்றார்.

கம்பியை எடுக்கத் தச்சரைக் கூப்பிட்டார்கள். தச்சர் ஏணியோடு வந்தார், தட்டிப் பார்த்தார், கம்பியைப் பிடித்து இழுத்தார். கம்பியோடு சட்டம் வந்தது. சட்டத்தோடு கொஞ்சம் சுவரும் வந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு மாடு நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே வந்த காற்று, கட்டி வைத்திருந்த காகிதங்களை அறை முழுக்க வாரி இறைத்தது. கூட்டிப் பெருக்குகிற அம்மா காலையிலிருந்து மூன்றாவது தடவையாகத் துடைப்பத்தை எடுத்தார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

இரண்டு மணிக்கு ஃபோன் வந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிய பெரியவர் ஒருவர் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சிவப்பு ஃபோனை யாரும் எடுக்கவில்லை. எடுத்தாலும், இங்கே வருகிறவரை அங்கே திருப்பிவிட ஹலோவுக்கு மனசில்லை. மூன்று மாத முள் இன்றைக்கு வெளியே வர வேண்டும். "உங்க ஏணி எத்தனை அடி?" என்று தச்சரைக் கேட்டார். தச்சர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு, எதிர் வரிசைக் கட்டடத்தில் ஒரு பெண்மணி லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்றார்கள். ஹலோ தங்கள் கட்டடத்து லிஃப்டுக்காரரை அனுப்பினார். அவர் கடமை தவறாதவர், போகும்போது தம் லிஃப்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார்.

அதனால் நாலு மணிக்குப் பெரிய அதிகாரி ஐந்து மாடியும் ஏறி வந்தார். வந்த பிறகு கால் மணி நேரம் யாரோடும் பேசக்கூடிய நிலையில் அவர் இல்லை. படம் எடுக்கிறவர்கள் ஓட்டையைப் பார்த்துக் காமிராவைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. வானத்தில் இரண்டு காக்கையும் ஒரு பிளாஸ்டிக் பையும் பறந்தன. பையைப் பார்த்து ஒருவர் அவசரப்பட்டு எழுந்து நின்றார்.

ஐந்தே காலுக்கு மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு, ஓட்டை வழியாகத் தலையை நீட்டி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மேலே பார்த்ததுதான் தப்பு. அடுத்த நிமிஷம் அறைக்குள் மேனேஜர் இல்லை. வெளியே நாலாவது மாடி ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டுப் பலகையில், குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பூங்கொத்து மட்டும் தெருவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

எல்லாரும் ஹலோவைப் பார்த்தார்கள். ஹலோ சிவப்பு ஃபோனை எடுத்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எங்க வந்துட்டிருக்கார்னு கேளுங்க," என்று வெளியேயிருந்து மேனேஜர் குரல் வந்தது. அழுகிற குரல்.

ஏணி தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. கயிறு இல்லை. பெரிய அதிகாரி தம் பதவிக்குத் தகுந்தபடி, யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அறையில் இருந்த இரண்டு திரைச்சீலையையும் உருவி முறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு முனையை இரும்பு அலமாரிக் காலில் கட்டினார், மறு முனையை வெளியே விட்டார். "இடுப்பில கட்டிக்கிட்டு சுவரைப் பிடிச்சு ஏறுங்க, கீழ பாக்காதீங்க," என்றார். ஹலோவும் அவரும் சேர்ந்து இழுத்தார்கள். மேனேஜர் உள்ளே வந்து விழுந்த அந்தக் கோலத்தைத்தான் படம் எடுக்கிறவர்கள் படம் எடுத்தார்கள்.

பெரிய அதிகாரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். மேனேஜர் தண்ணீர் குடித்தார், ஹலோவை மேலும் கீழும் பார்த்தார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஹலோவுக்குத் தெரியும். இடையில் தச்சர் ஃபோன் செய்து பெரியவரை இறக்கிவிட்டதாகச் சொன்னார். லிஃப்டுக்காரரும் பெண்மணியை வெளியே எடுத்துவிட்டார். அன்றைக்கு ஊரில் யாரும் கீழே விழவில்லை.

ஆறு மணிக்கு அறையில் இரண்டு பேர்தான். அந்த அம்மா காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஹலோ ஓட்டைக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குப் போகலையா?" என்றார் அம்மா.

"வர்றேன்னு சொன்னவர் வராம இருக்க மாட்டார். அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொல்ல வேண்டியது என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, ஹலோ சொல்லிவிட்டார். கண்ணாடி முன்னால் பழகினது எதுவும் வரவில்லை. "அன்னைக்கு எழுவத்திநாலுன்னு எழுதிட்டு நாப்பத்தேழுன்னு சொன்னது நான்தாம்மா. அவர் காது நல்லாத்தான் இருக்கு. என் மொனகல்கூட அதுல விழுந்திருக்கு. என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிட்டார். நான் பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு சும்மா இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அதை இன்னொரு ஆளிடம் சொல்லியிருந்தார், ஆனால் சொல்ல வேண்டிய ஆளிடம் இல்லை.

அம்மா காகிதக் கட்டை மேஜையில் வைத்தார்.

"காலையில அவர் என்னதான் சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

காதில் விழுந்ததை மறப்பது ஹலோவின் தொழிலில் கிடையாது. கவனிக்காமல் கேட்டதுகூடப் பதிவாகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, பதிவேட்டைப் படிக்கிற மாதிரி ஒப்பித்தார்.

"முட்டியைப் பாத்துக்கோங்க. இத்தனை வருஷமா உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. அந்த ஃபோனை எடுங்க, பாவம், யாரோ. அப்ப நான் வர்றேன்." கண்ணைத் திறந்தார். "அவ்வளவுதான். நேரம்தான் கேக்க விட்டுப்போச்சு."

அம்மா ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். காக்கைகூட இல்லை. பிறகு ஹலோவைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"கிளம்பிப் போறவங்க யாராவது, போறேன்னு சொல்லிட்டுப் போவாங்களாங்க?"