ஆந்தை டாக்டர் கண்ணை மூடினார்

ஒரு காட்டில் ஸ்கேன் சென்டர் ஒன்று வந்தது. காடு முன்னேறினால் வேறென்ன வரும்? ஆலமரப் பொந்தில் ஆந்தை டாக்டர். முட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். வாசலில் பெரிய போர்டு: 'முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம். உத்தரவு, சிங்கராஜா.'

டாக்டர் சட்டத்தை மதிப்பவர். வாயைத் திறக்கவே மாட்டார். ஆண் என்றால் கண்ணை அகல விரிப்பார், பெண் என்றால் மூடிக்கொள்வார். கண்ணைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லையே. காட்டுக்கே தெரிந்த இந்தச் சங்கதி சிங்கத்துக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி படுத்திருந்தது.

வேலாத்தாள் என்ற மயிலுக்குத் தோகை விரிக்கிற பேரன்தான் வேண்டும். மருமகள் தங்கமணியை விடிந்ததும் வெறும் வயிற்றோடு கிளப்பி, முதல் ஆளாகக் கூட்டிப் போவாள். ஸ்கேன் முட்டைக்குத்தானே, வயிறு எதற்குக் காய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. போன தடவை டாக்டர் கண்ணை மூடினார். அதற்கு முந்தின தடவையும் மூடினார். இரண்டு முட்டையும் காற்றில் உருண்டு பாறையில் விழுந்துவிட்டதாக வேலாத்தாள் ஊருக்குச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் ஓர் இலைகூட அசையவில்லை.

மூன்றாவது முட்டையை டாக்டர் தூக்கினார். கண் மூடியது.

"கெளம்பு தங்கம், ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றாள் மாமியார்.

தங்கமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதையும் உருட்ட உடமாட்டேனுங்க அத்தை" என்றவள், டாக்டர் தலையில் நறுக்கென்று ஒரு கொத்து வைத்தாள்.

ஆந்தை திடுக்கிட்டு விழித்தது. "யாரும்மா நீங்க? எப்ப வந்தீங்க? முட்டையத் தூக்கினதே நெனவில்லையே."

"தூங்கிட்டா இருந்தீங்க?" என்றாள் தங்கமணி.

"விடிஞ்சப்புறம் ஆந்தைக்கு வேற என்னம்மா வேலை?"

வேலாத்தாள் முன்னால் வந்தாள். "அப்ப, முன்னாடி வந்த ரெண்டு?"

"அதுக்கும் காலையிலதான் வந்தீங்களா?" என்று டாக்டர் தலையைச் சொறிந்தார்.

வேலாத்தாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, ரெண்டும் ஆம்பளப் புள்ளையா இருந்திருக்குமே!" முட்டைகள் உடைந்த நாட்களில் அவள் நிம்மதியாக இரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கமணி அதைப் பார்த்தவள்.

"இருங்க, இப்ப நல்லாப் பாத்துடறேன்" என்று டாக்டர் கண்ணைத் துடைத்தார்.

"வேண்டாமுங்க. நீங்க தூங்குங்க" என்று முட்டையை வாங்கி இறக்கைக்குள் வைத்துக்கொண்டு, தங்கமணி மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

காடு இதிலிருந்து நல்ல பாடம் கற்றுக்கொண்டது. மறுநாளே வாசலில் இன்னொரு போர்டு தொங்கியது: 'பார்வை நேரம், இருட்டிய பின்.' இப்போது கூட்டம் தாங்கவில்லை. வரிசையில் முதல் ஆள் வேலாத்தாள். கூடவே இளைய மருமகள், வெறும் வயிற்றோடு.

நீதி: பெண் முட்டையை உருட்டிவிடுவது பாவமில்லை, தூங்குகிற டாக்டரை நம்பி உருட்டுவதுதான் பாவம்.