பொத்தான் கடைக்கு வழி

"என்னங்க, கடைக்கு ஆள் வந்திருக்கு."

"கடைக்கா? கடையிலதானே நான் உக்காந்திருக்கேன்! இங்க ஒரு ஈ காக்கா இல்லையே?"

"வீட்டுக்கு வந்திருக்காருங்க. கையில ஒரு கோட்டு. மூணாவது பொத்தான் இல்ல. போன்ல மேப்பைப் பார்த்து வந்தாராம். நம்ம வீட்டைத்தான் பொத்தான் கடைன்னு காட்டுதாம்."

பொத்தான்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாடிக்கையாளர் என்று ஒரு மனிதரைப் பார்த்து இரண்டு நாளாகிவிட்டது. வந்த ஒருவரும் வீட்டில் போய் நிற்கிறார்.

"கோட்டு என்ன கலரு? சரியாப் பார்த்துச் சொல்லு."

"ஒரு மாதிரி... பழுப்பு."

பழுப்பில் மட்டும் அவரிடம் நாற்பத்தெட்டு வகை. ஆறு பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் பதினோரு நிமிடத்தில் வீட்டு வாசலில் நின்றார். கோட்டு கரும்பச்சை.

"இதுவா பழுப்பு?"

"எனக்கு இந்தக் கலரெல்லாம் எங்கங்க தெரியுது?" என்றாள் மனைவி. இருபத்தாறு வருஷமாக இவருடைய சட்டைக்கு நூலைப் பார்த்துப் பார்த்துத் தைக்கிறவள்.

மறுபடி கடைக்கு ஓட்டம். மறுபடி வீட்டுக்கு. கோட்டுக்காரர் அதற்குள் இரண்டாவது டீயில் இருந்தார். பொத்தானைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், மேஜையில் தட்டு வைத்தாயிற்று.

"வந்தது வந்தீங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. ஆறிடும்."

மணி ஒன்று பத்து. ஓடின ஓட்டத்தில் பசி வயிற்றைக் கிள்ளியது. உட்கார்ந்துவிட்டார். சாப்பிடும்போது போனைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்; மனைவி அதை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

மத்தியானத்தில் அவர் சுடச்சுடச் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் சாப்பாட்டு டப்பா எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரும். கடைக்குள் அவர் சாப்பிடமாட்டார். எண்ணெய்க் கை பட்டால் வந்தவர்களின் வெள்ளைத் துணி அவ்வளவுதான். கடையைப் பூட்டிவிட்டுப் போகவும் மாட்டார். "நான் போன அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டா?" என்பார். வராத அந்த ஒருத்தருக்காக வயிற்றில் புண்ணை வளர்த்து வைத்திருந்தார். நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் அடுத்தது கத்திதான் என்று டாக்டர் மனைவியிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மாத்திரையைக்கூட வெறும் வயிற்றில் போடுகிற மனுஷனை அவள் என்னதான் செய்வாள், பாவம்.

இன்டர்நெட்டோடு அவருக்கு இருபது வருஷப் பழக்கம். பழக்கம் என்றால், அடி வாங்கின பழக்கம்.

முதலில் கடைப் பலகையில் பெருமையாக ஈமெயில் முகவரி எழுதி வைத்தார். அந்த வருஷம் வந்த கடிதங்கள் பதினொன்று. அதில் ஒன்பது, அவருக்குப் பெரிய பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லிற்று. அடுத்து ஒரு வெப்சைட். அதில் ஒரு பொத்தானின் படம் முழுசாகத் திறப்பதற்குள் கடைக்கே நடந்து வந்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். பிறகுதான் பெரிய பெரிய இணையக் கடைகள் வந்தன. நூறு பொத்தான், ஆயிரம் பொத்தான் என்று தையல்காரர்கள் வீட்டு வாசலுக்கே வரவழைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மூவாயிரம் வகைப் பொத்தான்களை இழுப்பறைகளில் வைத்துக்கொண்டு இவர் ஈ ஓட்டினார்.

போன மாதம் லீவில் வந்த மகள்தான், அப்பாவின் போனிலேயே கடையை மேப்பில் ஏற்றிவிட்டுப் போனாள்.

"ஆயிரம் வாங்குறவங்க இனி வரமாட்டாங்கப்பா. ஆனா ஒத்தைப் பொத்தானைத் தொலைச்சவன் எங்க போவான்? அவனுக்கு உங்க கடை இருக்குற இடம் தெரியணும். அவ்வளவுதான் விஷயம்."

வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்பது, ஆள் வரவில்லை என்றால் கடையை மூடிவிட்டு ஏதாவது கிடங்கில் கணக்கெழுதப் போவது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். ஆக, மேப்பில் இருந்த அந்தச் சிவப்புப் புள்ளிதான் கடைசி நம்பிக்கை. அதுதான் இப்போது வீட்டு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே மகளிடம் கேட்டுக் கேட்டு, புள்ளியைப் பிடித்து இழுத்துக் கடை மேல் வைத்தார். மாற்றம் எல்லாருக்கும் தெரிய ஒரு நாளாகும் என்றாள் மகள்; மறுநாளும் ஒருவர் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு நேரத்தில் இவரை ஓட வைத்தார். அன்று மத்தியானமே அது வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மறுபடி இழுத்தார். மறுபடி திரும்பியது.

"இந்தக் கழுதைக்கு என் கடைன்னா ஏன் இப்படி வேப்பங்காயா கசக்குது?" என்று போனை முறைத்தார்.

சரி, மேப்புக்குப் புரியாவிட்டால் மனுஷனுக்காவது புரியட்டும் என்று, வீட்டுக் கதவில் ஒரு அட்டை மாட்டினார். 'பொத்தான் கடை இது அல்ல. கடை, மணிக்கூண்டைத் தாண்டி இரண்டாவது சந்தில்.' வந்தவர் ஒருவர் அதை அழகாகப் படம் எடுத்து மேப்பில் போட்டார். படத்தில் 'பொத்தான் கடை' என்ற இரண்டு வார்த்தைதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மேப்பைப் பார்த்து வந்தவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஓடி மாளவில்லை என்று இருபது பெட்டிப் பொத்தான்களை வீட்டில் கொண்டுவந்து அடுக்கினார். "நீயே பார்த்துக் குடுத்துடு, எனக்குப் போன் பண்ணாதே."

ஒரு மணிக்கெல்லாம் போன். "என்னங்க, இவருக்கு வேணுங்கிற பொத்தான் இந்த இருபது பெட்டியில இல்லீங்க."

"அப்போ என்ன பண்ணினே?"

"அவசரம்னாரு. உங்க ஊதாச் சட்டையிலேருந்து ஒண்ணை வெட்டிக் குடுத்துட்டேன். இப்ப உங்க சட்டைக்குத்தான் பொத்தான் இல்ல. வந்து பாருங்க."

ஒரு வாரத்தில் அவருடைய நாலு சட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஊருக்கெல்லாம் பொத்தான் விற்கிற மனுஷன் ஊக்கைக் குத்திக்கொண்டு கடைக்குப் போனார்.

இதற்கு நடுவில் மேப்பில் நட்சத்திரங்கள் வேறு. 'கடை வீடு மாதிரியே இருக்கிறது. டீ பிரமாதம். முதலாளி எப்போதும் ஓடியே வருகிறார். பாவமாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்.' அதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

நாடகக் குழுவுக்கு உடை தைக்கிற அம்மா வந்த நாளை மட்டும் அவரால் மறக்கவே முடியாது. மனைவியிடமிருந்து போன் வந்து இவர் வீட்டுக்கு ஓடினார். இவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது என்று அந்த அம்மா கடைக்குக் கிளம்பிவிட்டார். இவர் கடைக்குத் திரும்பினார்; அந்த அம்மா பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வழியில் மூன்று தடவை எதிரெதிரே கடந்து, மூன்றாவது தடவை ஒருவருக்கொருவர் சிரித்தும்கூட வைத்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள்.

"காலையில பத்து மணிக்கே வந்தேங்க. ஒரு மணிக்கு வந்தா உங்களைப் பார்க்கலாம்னாங்க" என்று அந்த அம்மா ஒரு பையைப் பிரித்தார். "நாப்பது ராஜா உடுப்பு. இணையத்துல பொத்தான் வரவழைச்சேன். திரையில பார்த்தா மாதுளை முத்து, பெட்டியைத் திறந்தா செங்கல். ஞாயித்துக்கிழமை நாடகம். என் மானமே போயிடும்."

பொத்தான்காரர் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். "எட்டாவது வரிசை, மூணாவது இழுப்பறை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கடையிலிருந்து அவர் எடுத்து வந்த பொத்தானைத் துணி மேல் வைத்ததும், அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் குழுவுக்கு எல்லாமே உங்களிடம்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

கடை பிழைத்துவிட்டது. வருஷம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கிடங்கு வேலைப் பேச்சு நின்றுபோனது. கன்னத்தில் சதை போட்டது. வயிற்று வலி எப்போது போனது என்று அவருக்கே நினைவில்லை. இதற்கு மேல் ஒருத்தனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அவருக்கு ஆறவில்லை.

"யாரோ வேணும்னே பண்றாங்க! அஞ்சு தடவை சரி பண்ணிட்டேன், அஞ்சு தடவையும் மாத்திட்டாங்க. எதிர்க்கடை ஜிப்புக்காரன்தான். எனக்குத் தெரியும்."

"அவரு அப்படிப்பட்டவர் இல்லீங்க" என்றாள் மனைவி அவசரமாக.

ஜிப்புக்காரரிடம் நேரே போய்ச் சண்டை போட்டார். ஜிப்புக்காரர் தன் போனை எடுத்து நீட்டினார். அதில் பட்டன்கள்தான் இருந்தன, மேப்பு இல்லை. பதினெட்டு வருஷச் சிநேகிதர், பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது இவருக்கு நெஞ்சில் தைத்தது.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று சாப்பிட உட்காராமலே, மேப்புக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போட்டார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, நட்சத்திரத்தை அழுத்து என்று அது அவரைச் சுற்றோ சுற்றென்று சுற்றியது. இருபது நிமிடப் பாட்டுக்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"யாரு மாத்துறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா. நான் போலீசுக்குப் போகப் போறேன்."

"ஒரு நிமிஷம் சார், பார்க்கிறேன்."

தட்டைக் கொண்டு வந்த மனைவி அதை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், மொத்தம் ஆறு தடவை வீட்டுக்கு மாத்தியிருக்கு. முதல் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை. மத்ததெல்லாம் வேலை நாள். எல்லாமே மத்தியானம் ஒண்ணரை மணி வாக்குல. ஆறுமே உங்க போன்லேருந்துதான் சார்."

"என் போன்லேருந்தா? அந்த நேரத்துல போன் என் கையிலேயே இருக்காதேம்மா! நான் சாப்பிட்டுக்கிட்டு இருப்பேன். போன் ஃப்ரிட்ஜ் மேல..."

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிரந்தரமா கடைக்கே மாத்திடலாம் சார், எனக்கு ரெண்டு நிமிஷ வேலை" என்றது போன். "ஆனா மாத்துறதுக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, ஆறு தடவையும் அதுல ஒரே வரிதான் எழுதியிருக்கு, படிக்கிறேன், கேளுங்க: 'புள்ளி இங்க இருந்தாத்தான் இவர் சாப்பிட வீட்டுக்கு வர்றார்.'"