ஜெர்மனியில் ஒரு துட்டி வீடு

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றவர்கள் போகவே கூடாது. ஏர்போர்ட்டிலேயே மறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் மந்திரியானால் முதல் சட்டம் அதுதான்.

நான் நாகர்கோவிலில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கிய அன்றே அவள் சொன்னாள்: “எப்பா, மாடியில இருக்க வயசான ரெண்டு பேருதான் வீட்டுக்காரங்க. அடுத்த மாசம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கணும். இங்க வேற வீடு கிடைக்கது பெரும்பாடு. நீங்களும் அம்மாவும் சும்மா இருந்தாப் போதும்.”

சும்மா இருப்பது! எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத ஒரே வேலை.

மகளும் மருமகனும் ஆபீஸுக்கும் பேத்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்த ஒரு மத்தியானம், வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. இறங்கிய எல்லோரும் கறுப்பு உடை. கையில் வெள்ளைப் பூ. கொஞ்ச நேரத்தில் மாடியில் பெண்கள் இழுத்து இழுத்துப் பாடும் சத்தம்.

“கேட்டியளா, மேல துட்டியாக்கும்,” என்றாள் மனைவி. “அந்தப் பெரியவரு போயிட்டாரு போல. பாவம்.”

“மகளுக்கு ஒரு போன் போடட்டா?”

“சாவு வீட்டுக்குப் போவதுக்கும் ஒம்ம மகள்ட்ட உத்தரவு வாங்கணுமோ?”

நியாயமாகத்தான் பட்டது. (முட்டாளுக்கு எல்லாமே நியாயமாகப் படும்.) கல்யாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும். துட்டிக்கு நாமாகப் போகணும், வாய் திறக்காமல் உட்காரணும், சொல்லாமல் எழுந்து வரணும். எங்கள் ஊர் முறை அது.

கதவு திறந்து கிடந்தது. வீட்டுக்காரம்மா நடுவில் நின்றார். என் மனைவி ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, “என்னப் பெத்த அம்மா! இப்படித் தனியா விட்டுட்டுப் போயிட்டாரே!” என்று ஓங்கி அழுதாள். பாட்டு நின்றது. நான் ஒரு நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது அடுக்களையிலிருந்து செத்தவர் வந்தார். கையில் கேக். அதன் மேல் மெழுகுவர்த்திகள்.

மனைவியின் அழுகை பாதியில் அறுந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முறைப்படி, யாரிடமும் சொல்லாமல்.

அத்தோடு விட்டோமா? “துட்டின்னு நெனச்சுப் போயாச்சு, குளிக்காம வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது,” என்றாள். பல் கிட்டும் குளிரில், தோட்டத்துக் குழாயில், துண்டோடு நின்று தலையில் தண்ணீர் ஊற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் மாடி ஜன்னல் முழுக்க முகங்கள்.

சாயங்காலம் மகள் மாடிக்குப் போய்விட்டு அழுதுகொண்டே இறங்கி வந்தாள். “அந்தம்மாவுக்குப் பொறந்தநாளுப்பா. வந்தவங்க எல்லாம் அவங்ககூடப் பாட்டுக் குழுவுல பாடுறவங்க. கறுப்பு அந்தக் குழுவோட உடுப்பு. எதுக்குப்பா போனிய?”

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மகள் இப்போது ஊருக்கு வெளியே, ரயில் ஏறி வேலைக்குப் போகும் தூரத்தில் இருக்கிறாள். எங்களை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர்களுக்குத்தான் புத்தியில்லை.

சொந்தக்காரப் பயல்கள் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், “மாமா, துட்டி கேக்கக் கிளம்பலியா?” என்கிறார்கள். போன வாரம் பேத்தியின் பிறந்தநாள். வீடியோ காலில் வந்ததுமே மகள், “எப்பா, இங்க எல்லாரும் உயிரோடதான் இருக்கோம். அம்மாட்ட சொல்லிருங்க,” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் முன்பெல்லாம் தோட்டம் தெரியும். இப்போது வெறும் சுவர்.